ரியூப் கழற்றுவதற்கு முன் டயபிரத்தை எப்படிப் பார்ப்பது?

யாழ்ப்பாணத்தில் ஐசியுவுக்குப் புதிதாக மாறி வந்திருக்கும் ஒரு தாதிய உத்தியோகத்தர் கேட்ட கேள்வி இது. 58 வயது ஐயா ஒருவர், நீரிழிவுக்காரர், நியுமோனியா முற்றி, தொண்டையில் ரியூப் போட்டு வென்ரிலேற்றரில் (மூச்சுவிட உதவும் மெசின்) 9ஆவது நாள். காய்ச்சல் விட்டுவிட்டது, எக்ஸ்றே தெளிந்துவிட்டது, ஒட்சிசனும் கொஞ்சம்தான் தேவைப்படுகிறது. இரண்டு தரம் ரி-பீஸில், அதாவது மெசினைக் கழற்றி ரியூப்பில் ஒட்சிசனை மட்டும் கொடுத்து, தானாக மூச்சுவிட விட்டார்கள். இரண்டு தரமும் 20 நிமிடத்துக்குள் களைத்துப்போனார். "டயபிரம் வீக் போல இருக்கு, நாளைக்கு ஸ்கான் பண்ணிப் பார்ப்பம்" என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். டயபிரம் என்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை உள்ளே இழுக்கும் தசை; ஸ்கான் என்றது அல்ட்ராசவுண்ட். ஸ்கானில் என்ன பார்ப்பார்கள், எந்த இலக்கம் வந்தால் ரியூப்பைக் கழற்றலாம், அதற்கு முன் கட்டிலருகே நிற்கிற நான் என்ன பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, நடுவில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த இலக்கம் வந்தால் கழற்றலாம் என்று துணிந்து சொல்லக்கூடிய ஒரு இலக்கம் டயபிர ஸ்கானில் கிடையாது. கழற்றலாமா என்பதை ஐயா தானாக மூச்சுவிட்டுக் காட்டும் அந்த அரை மணித்தியாலம்தான் சொல்லும். அதில் அவர் ஏன் தோற்றார் என்பதைச் சொல்லத்தான் ஸ்கான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் நானே ஒரு அம்மாவை நள்ளிரவில் திரும்ப ரியூப் போடும் நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாடப்புத்தகத்தில் பிரிமென்றகடு என்று படித்தோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் உதரவிதானம். வார்ட்டில் எல்லாரும் டயபிரம் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். கழுத்தின் 3ஆம், 4ஆம், 5ஆம் நரம்பு வேர்களிலிருந்து இறங்கி வரும் பிரெனிக் நரம்பு இதை இயக்குகிறது. பிறந்த நாளிலிருந்து ஒரு இரவுகூட ஓய்வெடுக்காத தசை இது. அப்படிப்பட்ட தசைக்கு நாம் மயக்க மருந்தும் கொடுத்து, வேலையையும் மெசினிடம் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும்? 2008இல் வெளிவந்த ஒரு ஆய்வில், மூளைச்சாவடைந்து உறுப்புத்தானம் செய்த 14 பேரின் டயபிரத் துண்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் மெசினில் இருந்தது 18 முதல் 69 மணித்தியாலம் மட்டும். அதற்குள்ளேயே தசை இழைகளின் குறுக்குவெட்டுப் பரப்பு, சில மணித்தியாலம் மட்டும் மெசினில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், பாதிக்குமேல் குறைந்திருந்தது. அதே ஆட்களின் நெஞ்சுத் தசையில் அப்படியொரு மெலிவு இல்லை. உங்கள் ஐயாவுக்கு 9 நாள். அதோடு கிருமித் தாக்கம், நீரிழிவு, சாப்பாடு குறைவு.

ஓய்வு கெடுக்கும் என்றால் வேலை கொடுத்தால் சரிதானே என்று நினைக்கவும் ஏலாது. மெசினின் உதவி போதாமல் ஒருவர் இழுத்திழுத்து மூச்சுவிட்டாலும் தசை காயப்பட்டு வீங்கும். 2015இல் ரொறொன்ரோவில் 107 பேரை நாளாந்தம் ஸ்கான் பண்ணிப் பார்த்தார்கள். முதல் சில நாட்களுக்குள் 44 சதவீதமானோரின் டயபிரம் பத்தில் ஒரு பங்குக்குமேல் மெலிந்தது, 12 சதவீதமானோருக்கு அது தடித்தது. மெலிந்தவர்களும் சரி, தடித்தவர்களும் சரி, தசையின் வேலைத்திறன் குறைந்தவர்களாகத்தான் இருந்தார்கள்.

இன்னொரு விஷயம். ஐயா கையை இறுக்கிப் பிடிக்கிறார், காலைத் தூக்குகிறார், ஆகவே டயபிரமும் நல்லாத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தடவை மெசினிலிருந்து விடுவிக்கப் பார்த்த 76 பேரை 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில் சோதித்தபோது, 63 சதவீதமானோருக்கு டயபிரத்தில் பலவீனம், 34 சதவீதமானோருக்குக் கை கால் பலவீனம், இரண்டும் சேர்ந்து இருந்தவர்கள் 21 சதவீதம்தான்.

சரி, நாளைக் காலை ஸ்கான் மெசின் வருவதற்கு முன் நீங்கள் பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் மினக்கெட்டே எழுதுகிறேன்.

கட்டிலின் தலைப்பக்கத்தை 45 பாகைக்கு உயர்த்துங்கள். கழுத்திலிருந்து தொப்புள் வரை உடுப்பை விலக்கி, திரையை இழுத்து மூடிவிட்டு, கால்மாட்டில் நின்று முழுதாக ஒரு நிமிடம் பாருங்கள். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குகிற பழக்கம் இங்கே வேண்டாம், களைக்கிற ஆளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. ஒழுங்கான டயபிரம் சுருங்கும்போது கீழே இறங்கும், வயிற்றுக்குள் இருப்பதை முன்னால் தள்ளும். ஆகவே மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சும் வயிறும் ஒன்றாக எழும்பவேண்டும். டயபிரம் ஏலாமல் போனால் கழுத்துத் தசையும் விலாத் தசையும் நெஞ்சைத் தூக்கும், அந்த இழுவையில் தளர்ந்த டயபிரம் மேலே உறிஞ்சப்படும், வயிறு உள்ளே போகும். நெஞ்சு எழும்ப வயிறு தாழும் இந்த முரண் அசைவை ஒருதரம் கண்டவர்கள் பிறகு மறக்கமாட்டார்கள்.

அடுத்து ஒரு கையைத் தொப்புளுக்கு மேலே மெதுவாக வையுங்கள், மற்றக் கையின் இரண்டு விரலைக் கழுத்தின் பக்கத் தசையில் வையுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தத் தசை கயிறு மாதிரி விறைக்கிறதா? வயிற்றில் வைத்த கைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் தெரியும். சிலர் மூச்சை வெளியே விடும்போது வயிற்றை இறுக்கி டயபிரத்தை மேலே தள்ளிவைத்துக்கொள்வார்கள். பிறகு இறுக்கத்தை விட்டதும் வயிறு தானாக வெளியே வரும். தூரத்தில் நின்று பார்த்தால் டயபிரம் வேலை செய்வது போலவே இருக்கும். கை வைத்தால், மூச்சு வெளியேறும் நேரத்தில் வயிறு பலகை மாதிரி இறுகுவது பிடிபட்டுவிடும். இந்த ஏமாற்றுக்கு நல்ல அனுபவமுள்ளவர்களும் அகப்பட்டிருக்கிறார்கள்.

முரண் அசைவு கண்டவுடன் டயபிரம் செத்துவிட்டது என்று எழுதவேண்டாம். சளி அடைத்த ரியூப், சுருங்கிய மூச்சுக்குழாய், நீர் கோத்த நெஞ்சு இவையெல்லாம் தசையின் சுமையைக் கூட்டும். சுமை பலத்தை மீறினால் நல்ல தசையும் தடுமாறும். ஆகவே முதலில் சளியை இழுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

மூச்சுவீதத்தையும் ஒரு மூச்சின் அளவையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1991இல் யாங், ரொபின் இருவரும் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 32 மூச்சு, ஒரு மூச்சு 250 மில்லிலீற்றர் என்றால் 32ஐ 0.25 லீற்றரால் வகுக்க 128. எல்லைக் கோடு 105. அதைத் தாண்டினால் மூச்சு குறுகி வேகமாகிவிட்டது என்று பொருள். இதை மெசினின் உதவி இல்லாமல்தான் அளக்கவேண்டும். பிரஷர் சப்போர்ட்டில், அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் மெசின் அழுத்தம் கொடுத்து உதவும்போது, அளந்தால் இலக்கம் பொய்யாக வடிவாக வரும். ஒரு தரம் எழுதிவிட்டு விடாமல், 2ஆவது நிமிடத்தில், 10இல், 20இல் எழுதுங்கள். பலவீனமான டயபிரம் உள்ளவர் தொடக்கத்தில் கழுத்துத் தசையை வைத்துச் சமாளித்துவிடுவார். 60இல் தொடங்கி 20ஆவது நிமிடத்தில் 120க்கு ஏறுகிற அந்த ஏற்றம்தான் கதை சொல்லும்.

மூச்சை முழுப் பலத்தோடு உள்ளிழுக்கச் சொல்லி அழுத்தம் அளப்பதும் உண்டு. கழிவுக் குறியோடு 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீரளவைத் தாண்டினால் ஓரளவு நம்பிக்கை. ஆனால் ரியூப் போட்ட, அரைத்தூக்கத்தில் இருக்கிற ஆளிடம் "முழுப்பலத்தோடு" என்பது கிடைக்காது. ஒருவழி வால்வு போட்டு, 20 முதல் 25 செக்கன் வரை வெளியே விட மட்டும் இடம் கொடுத்து அளந்தால், ஒத்துழைக்க ஏலாதவரிடமிருந்தும் நல்ல அளவு வரும். பொறுமை இல்லாமல் அளந்த இலக்கத்தை நான் நம்புவதில்லை.

இனி ஸ்கான். இரண்டு இடத்தில் பார்ப்பார்கள், இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

முதலாவது இடம் விலா எலும்புக்குக் கீழே, வலப்பக்கம், காறை எலும்பின் நடுவிலிருந்து நேரே இறங்கும் கோட்டில். வயிறு பார்க்கும் வளைந்த புறோப்பை (தோலில் வைக்கும் ஸ்கான் கருவி) வைத்து, ஈரலை யன்னலாக்கி மேல்நோக்கிப் பார்த்தால் டயபிரம் வளைந்த வெள்ளைக் கோடாகத் தெரியும். அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் எம்-மோட் போட்டால் அது அலைபோல ஏறி இறங்கும். அந்த அலையின் உயரம்தான் அசைவு. சும்மா மூச்சுவிடும் நலமான ஆளில் 1.5 முதல் 2 சென்ரிமீற்றர், ஆழமாக இழுத்தால் அதைப்போல மூன்று நாலு மடங்கு. 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலோ எதிர்ப்பக்கம் அசைந்தாலோ பலவீனம் என்று எடுக்கிறோம். 2011இல் வெளிவந்த ஒரு ஆய்வில் ரி-பீஸ் சோதனைக்குத் தயாரான 82 பேரில் 29 சதவீதமானோருக்கு இப்படி இருந்தது. மெசினிலிருந்து விடுபட அவர்களுக்குத்தான் கூடுதல் நாள் பிடித்தது. இடப்பக்கம் இரைப்பையின் காற்று மறைக்கும், மண்ணீரலும் சின்ன யன்னல்தான். அதற்காக இடப்பக்கத்தை விட்டுவிடக்கூடாது, இதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு பக்க நரம்பு மட்டும் அடிபட்டிருக்கலாம்.

இரண்டாவது இடம் விலாப்பக்கம், கக்கத்திலிருந்து இறங்கும் கோட்டில், 8ஆம் விலாவுக்கும் 10ஆம் விலாவுக்கும் இடையில். இங்கே டயபிரம் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். இரத்தக்குழாய் பார்க்கும் நேரான புறோப்பை வைத்தால் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் கறுத்த ஒரு பட்டி. மேல் கோடு நுரையீரல் உறை, கீழ்க் கோடு வயிற்று உறை, நடுவில் இருப்பதுதான் நாம் தேடும் தசை. மூச்சு விட்ட முடிவில் அதன் தடிப்பு பெரும்பாலும் 1.5 முதல் 3 மில்லிமீற்றர். இழுத்த முடிவில் எவ்வளவு கூடித் தடிக்கிறது என்பதைச் சதவீதமாக எழுதுவார்கள். 2.0 மில்லிமீற்றர் 2.6 ஆனால் 30 சதவீதம், 2.2 ஆனால் 10 சதவீதம். 20க்குக் கீழே போனால் தசை வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். ரியூப் கழற்றுவதற்கான எல்லையோ ஆய்வுக்கு ஆய்வு 20இலிருந்து 36 வரை மாறுகிறது.

ஏன் இப்படி மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். 2 மில்லிமீற்றர் தடிப்பில் அளக்கும் குறி 0.2 மில்லிமீற்றர் தள்ளி விழுந்தாலே 10 சதவீதம் பிழைத்துவிடும். அது திரையில் ஒரு மயிரிழை. ஆகவே மூன்று மூச்சையாவது அளந்து சராசரி எடுக்காத அறிக்கையைப் பார்த்தால் கேள்வி கேளுங்கள். நீங்கள் தாதி என்பதால் கேட்கக்கூடாது என்று இல்லை. தோலில் ஒரு பேனைக் குறி வைத்துவிட்டால் மறுநாளும் அதே இடத்தில் புறோப் வைக்கலாம்.

இப்போது அந்த அம்மாவின் கதை. நான் அப்போது பயிற்சியில் இருந்தேன், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஸ்கான் எனக்குப் புதிது, பெரிய உற்சாகம். 12 பிரஷர் சப்போர்ட்டில் அம்மா அமைதியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோது அசைவை அளந்தேன், 18 மில்லிமீற்றர். டயபிரம் அருமையாக இருக்கிறது என்று எழுதினேன். பின்னேரம் ரியூப்பைக் கழற்றினோம். இரவு இரண்டு மணிக்குக் காபனீரொட்சைட்டு ஏறி, அம்மா கண்ணைத் திறக்காமல் கிடந்தார். திரும்ப ரியூப் போட்டோம். அடுத்த நாள் உதவியை எடுத்துவிட்டு அதே இடத்தில் அளந்தேன், 7 மில்லிமீற்றர். முதல் நாள் நான் அளந்தது அம்மாவின் தசையை அல்ல. மெசின் நுரையீரலை ஊத, ஊதிய நுரையீரல் டயபிரத்தைக் கீழே தள்ளியிருக்கிறது. செத்த தசையும் அப்படி அசையும். அந்த அம்மா இன்னும் 11 நாள் மெசினில் இருக்கவேண்டி வந்தது. அசைவை ரி-பீஸில் மட்டும்தான் அளக்கவேண்டும் என்று அன்றைக்குப் படித்தேன். தசை தடிக்கும் சதவீதம் அப்படி ஏமாற்றாது, தசை சுருங்கினால்தான் பெரிதாகத் தடிக்கும்; மெசின் உதவி இருக்கும்போது பார்க்க அதுதான் நல்லது.

அசைவு குறைவாக வந்தாலும் உடனே தசையைக் குறை சொல்லவேண்டாம். மயக்க மருந்து இன்னும் உடம்பில் இருந்தால் மூளை கட்டளை போடாது. மெசினில் மூச்சின் முதல் 0.1 செக்கனில் ஏற்படும் அழுத்தத்தைப் பார்க்க வழி இருந்தால் பாருங்கள்; 1 சென்ரிமீற்றர் நீரளவுக்குக் கீழே என்றால் கட்டளையே போதவில்லை, 4க்கு மேல் என்றால் ஆள் போராடுகிறார். அல்லது எளிதாக, "ஐயா, நல்லா மூச்சை இழுங்கோ" என்று காதருகே சொல்லி அந்த மூச்சை அளக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் மூன்று விஷயம் தனியாக நினைவில் இருக்கவேண்டும். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைக் குடித்தவர்கள் முதல் நாள் தேறி, 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் திடீரென மூச்சு ஏலாமல் போவதை 1987இல் நிமால் சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற எங்கள் நாட்டு மருத்துவர்கள்தான் உலகத்துக்கு விவரித்தார்கள். அவர்களிடம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க ஏலாவிட்டால் டயபிரமும் பின்னால் வருகிறது, ரியூப் கழற்றும் பேச்சு வேண்டாம். நிலத்தில் படுத்து நித்திரையில் கட்டுவிரியன் கடித்து வருபவர்களில் நஞ்சு நரம்பின் நுனியைக் கெடுக்கிறது, அந்த நுனி திரும்ப முளைக்க நாளெடுக்கும். ஸ்கானில் அவர்களின் தசை தடிப்பாகவே இருக்கும், ஆனால் மூச்சுக்குத் தடிக்காது. உங்கள் ஐயாவைப் போல நாட்பட மெலிந்தவரில் தடிப்பே குறைந்திருக்கும். மூன்றாவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய். அதிலும் நரம்புதான் நோயாளி.

டயபிரம் நல்லா இருந்தும் தோற்கிறவர்களும் உண்டு, அதில் முதல் சந்தேகம் இதயத்தில். மெசினின் அழுத்தம் போனதும் இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் கூடும், அதன் சுமையும் கூடும். ரி-பீஸில் விட்டு சில நிமிடத்தில் இரத்த அழுத்தம் ஏறி, வியர்த்து, நுரையீரலில் நீர் கோத்தால் அவருக்குத் தேவை சிறுநீர் போகும் மருந்து, தசைப் பயிற்சி அல்ல. ஊதிய வயிறும் அப்படித்தான். நாலு நாளாக மலம் போகாத ஐயாவின் டயபிரம் எங்கே இறங்கும்? எளிய காரணம்தான், ஆனால் அடிக்கடி தவறவிடுகிறோம்.

பலவீனம் உறுதியானால் மந்திரம் ஒன்றும் இல்லை. பொற்றாசியம், பொஸ்பேற்று, மக்னீசியம் மூன்றையும் சரியாக வைத்திருங்கள். நீரிழிவுக்காரருக்குச் சாப்பாட்டைக் கூட்டத் தொடங்கும்போது பொஸ்பேற்று சட்டென இறங்கும். மயக்க மருந்தைக் காலையில் நிறுத்திப் பாருங்கள். தோற்ற சோதனைக்குப் பிறகு அன்றைக்கே இன்னொரு தரம் விட்டுப் பார்க்கவேண்டாம், களைத்த டயபிரம் முழுதாகத் தேற ஒரு நாள் எடுக்கும். நாளுக்கு ஒரு தரம் போதும் என்பது 1995இலேயே ஸ்பெயினில் நடந்த பெரிய ஆய்வில் தெரிந்த விஷயம். நடுவில் மெசினின் உதவியை, தசை அளவாக வேலை செய்யும்படி வையுங்கள். முதல் மூன்று நாளில் மூச்சை இழுக்கும்போது தசை 15 முதல் 30 சதவீதம் வரை தடித்தவர்கள்தான் கெதியாக விடுபட்டார்கள் என்று 2018இல் ரொறொன்ரோக்காரர் காட்டினார்கள். இயன்மருத்துவரிடம் கேட்டு மூச்சை எதிர்ப்போடு இழுக்கும் பயிற்சியும் தொடங்கலாம். இரவில் லைற்றை அணைத்து ஐயாவை நித்திரை கொள்ளவிடுவதும் சிகிச்சைதான், அது முழுக்க உங்கள் கையில்.

இருமல் வேறு கணக்கு. டயபிரம் தேறி, ரி-பீஸில் அரை மணித்தியாலம் தாண்டினாலும் சளியைத் துப்பப் பலம் இல்லாவிட்டால் ஐயா திரும்ப வருவார். கழற்ற முதல், ரியூப்பின் வெளி நுனியிலிருந்து ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து இருமச் சொல்லுங்கள், மூன்று நாலு இருமலில் அது நனைகிறதா என்று பாருங்கள்.

நாளைக்கு ஸ்கான் பண்ண வருகிறவரிடம் ஐயாவை ரி-பீஸில் விட்டு 15 நிமிடம் கழித்து வரச் சொல்லுங்கள். அவர் சொல்லும் இலக்கத்தைச் சாட்டில் எழுதும்போது தனியாக எழுதவேண்டாம். "வலப்பக்கம், ரி-பீஸ், 45 பாகை, 15ஆவது நிமிடம், மூச்சுவீதம் இவ்வளவு, கடைசி மயக்க மருந்து இத்தனை மணிக்கு" என்று அதே வரியில் எழுதிவையுங்கள். ஐயா மூச்சு முட்டத் தொடங்கினால் ஸ்கான் முடியும்வரை காத்திருக்காமல் மெசினில் திரும்பப் போடுங்கள், எத்தனையாவது நிமிடம் என்பதையும் எழுதுங்கள்.